ஒரு சொல்லின் விலை

பத்திரிகையில் ஒரு சொல் பிழைத்தால் மறுநாள் திருத்தம் போட்டு ஒப்பேற்றிவிடலாம். ஆனால் முதியவர் ஒருவரின் வைத்தியசாலைப் பதிவேட்டில் இடப்படும் ஒரு சொல், குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் பிள்ளைகளோடு வாழும் நம்மவர் பலர் இதனை அறியாதிருப்பதால் எழுதுகிறேன்.

அந்நாட்டின் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி மெடிகெயார். 1965 ஜூலை 30 ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கைச்சாத்திட்ட சட்டத்தினால் பிறந்தது. அங்கு உழைத்திராத பெற்றோரும், 65 வயதைக் கடந்து, நிரந்தர வதிவுரிமையுடன் ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக வசித்திருந்தால், மாதக் கட்டணம் செலுத்தி இதில் இணையலாம்.

என் நண்பரின் தாயார் அங்கு வழுக்கி விழுந்து நான்கு இரவுகள் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தார். பின்னர் தாதியர் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கப்பட்டபோது, அதன் செலவைக் காப்புறுதி ஏற்காது என்றார்கள். ஏனென்றால் பதிவேட்டின்படி அவர் உள்நோயாளி அல்லர். 'அவதானிப்பில்' வைக்கப்பட்ட வெளிநோயாளி!

அசல் மெடிகெயாரின் விதி இதுதான்: தொடர்ந்து மூன்று நாட்களாவது உள்நோயாளியாக இருந்தவருக்கே பராமரிப்பு நிலையச் செலவு கிடைக்கும். முதல் 20 நாட்களுக்கு முழுமையாகவும், அதன்பின் 100 ஆவது நாள் வரை நோயாளியும் ஒரு பங்கைச் செலுத்தும் வகையிலும் அது வழங்கப்படும். அவதானிப்பில் கழிந்த இரவுகள் இக்கணக்கில் சேரா. கட்டில் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். கணக்கு மட்டும் வேறு.

எனினும் நோயாளிக்கு உரிமைகள் உண்டு. அவதானிப்பு 24 மணித்தியாலங்களைக் கடந்தால், 36 மணித்தியாலங்களுக்குள் அதனை எழுத்தில் அறிவித்து வாயாலும் விளக்கவேண்டும். 2017 மார்ச் முதல் இது வைத்தியசாலைகளின் கடமை. உள்நோயாளியை அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்புவதாகத் தோன்றினால், வெளியேறும் நாளுக்குள்ளேயே சுயாதீன மீளாய்வைக் கோரலாம். முடிவு வரும்வரை மேலதிக நாட்களுக்கான கட்டணத்தை அவர்மீது சுமத்தமுடியாது. வழமையான பங்குக் கட்டணங்கள் மட்டும் உண்டு.

உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டுப் பின்னர் அவதானிப்புக்கு மாற்றப்பட்டவர்களுக்கு மேன்முறையீட்டு வழியே இருக்கவில்லை. 2011 இல் முதியவர்கள் தொடுத்த வழக்கில் 2020 இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று. 2022 இல் மேல்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2025 இல் அந்த வழி திறந்தது. பதினான்கு ஆண்டுகள்! வழக்குத் தொடுத்தவர்களின் வயதை எண்ணிப் பார்த்தால் இந்த வெற்றியின் கசப்புப் புரியும். தொடக்கம் முதலே அவதானிப்பில் வைக்கப்பட்டவர்களுக்கோ இத்தீர்ப்பாலும் பயனில்லை. நண்பரின் தாயார் அவ்வகையினர்.

ஆகவே பெற்றோர் வைத்தியசாலையில் இருக்கும்போதே, "அம்மா உள்நோயாளியா, அவதானிப்பிலா?" என்று நாள்தோறும் வினவுங்கள். அவதானிப்பு என்றால் காரணத்தைக் கேளுங்கள். மாற்றும்படி வைத்தியரை வேண்டுங்கள். இலவச மொழிபெயர்ப்பாளரைக் கோருவதும் உரிமையே. வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த தலைமுறை அது. அவர்களுக்காகப் பிள்ளைகள்தான் வாய்திறக்க வேண்டும்.