பெருநகர வாழ்வு

மக்கள் வாழும் ஊர்கள் பரப்பால் மட்டும் வேறுபடுவன அல்ல. பழகும் முறையாலும் வேறுபடுவன. சிற்றூரில் ஒருவனை ஊரார் அனைவரும் அறிவர். அவன் இன்னார் மகன், இன்ன தெருவினன், இன்ன தொழிலினன் என்பது திண்ணையில் விளையாடும் சிறுவர்க்கும் தெரியும். பெருநகரிலோ அடுத்த கதவைத் திறந்துகொண்டு வெளிவருபவரின் பெயரும் நமக்குத் தெரியாது. நகர வாழ்வின் இடர்களும் இன்பங்களும் பெரும்பாலும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் துணிபு.

சாத்தூர் என் ஊர். கரிசல் நிலத்தின் நடுவே வைப்பாற்றங்கரையில் அமைந்தது அது. வெள்ளரிப் பிஞ்சுக்கும் காராச்சேவுக்கும் பெயர் பெற்றது. மை தொட்டு எழுதிய நாளில், ‘நிப்பு’ எனப்படும் பேனா முள்ளைச் செய்து வெளியூர்களுக்கு அனுப்பியது. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அதனைச் சூழ்ந்துள்ளன. அவ்வட்டாரத்தில் தமிழாசிரியனாகப் பணியாற்றி 2015ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற யான், அவ்வாண்டிலேயே சென்னைக்குச் சென்று, என் மகன் இல்லத்தில் ஐந்தாண்டுகள் தங்கினேன். மாணவர்களே, உங்களுள் பலர் நாளை படிப்பை நாடியோ பணியை நாடியோ பெருநகரம் செல்வீர்கள். ஆதலின், அங்கு யான் கண்டவற்றுள் சிலவற்றை உங்கட்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் இடர்களைச் சொல்லிவிடுகிறேன். சாத்தூரில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே சென்று திரும்பலாம். சென்னையில் ஒரு நூலகத்திற்குச் சென்று வருவதற்கு அரை நாள் வழியிலேயே கழிந்துவிடும். ஊர்திகளின் ஒலிப்பான் ஓசை விடியுமுன்னரே எழுப்பிவிடும். கொசுக்களின் இரைச்சல் நள்ளிரவு வரையில் உறங்கவிடாது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்தற்கு அரியது கதவடைத்த வாழ்வு. எங்கள் ஊரில் எதிர்ப்பட்டவரை, “சாப்பிட்டீர்களா?” என்று கேளாமற் போவது பண்பன்று. நகரத்தில் படிக்கட்டில் எதிரே வந்த ஒருவரை யான் அவ்வாறு வினவியபோது, அவர் திகைத்து நின்றார்; தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பின்னர், “மணி ஐந்துதானே ஆகிறது, ஐயா!” என்று மொழிந்து இறங்கிச் சென்றார். எங்கள் ஊரில் அவ்வினாவிற்கு விடை முதன்மையன்று, வினவுதலே முதன்மை. அதனை அவர் எங்ஙனம் அறிவார்?

ஆயினும், அந்நகரத்திற்கும் ஒரு பண்பு உண்டு. அதனை எனக்குக் காட்டியது ஒரு நகரப் பேருந்து. சென்னைப் பேருந்துகளில் நடத்துநர் பெரும்பாலும் தம் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். நெரிசல் மிகுந்த வேளையில் பயணியர் அவரை அணுகவும் இயலாது. அவர் பயணியரை அணுகவும் இயலாது. அப்போது பயணியர் பணத்தை முன்னே நிற்பவர் கையிற் கொடுத்து, இறங்கும் இடத்தையும் கூறுவர். அவர் அடுத்தவரிடம் தருவார். அவ்வாறே அது கைமாறிக் கைமாறி நடத்துநரை அடையும். ஒருநாள் யான், “சைதாப்பேட்டை ஒன்று” என்று கூறிக் கொடுத்த தாள் அறுவர் கைவழியே சென்றது. சீட்டும் சில்லறையும் ஆகி அதே அறுவர் கைவழியே மீண்டது. ஒரு காசும் குறையவில்லை. கொடுத்தவர் எவரும் என் முகத்தை நோக்கவில்லை, நன்றியை எதிர்பார்க்கவுமில்லை. அறிந்தவர்க்கு உதவுதல் யாண்டும் உள்ளது. அறியாதார் பொருளை அறியாதார் கைகள் காத்துத் தருதல் பெருநகரின் அறம் என்று அன்று கொண்டேன்.

அவ்வறம் பெருந்துன்பக் காலத்தில் பேருருக் கொள்வதையும் கண்டேன். 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பெருமழை பெய்து அடையாறு கரைபுரண்டது. நகரத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்திலும் வெள்ளம் புகுந்தது. கீழ்த்தளத்தார் ஒருவர், மனைவியோடும் இரு மக்களோடும் மூன்றாம் மாடியிலிருந்த எங்கள் கதவைத் தட்டினார். மூன்று நாள் அவர்கள் எங்களோடு உண்டு உறங்கினர். அவர் பெயரை யான் கேட்டறிந்தது இரண்டாம் நாட் காலையிலேதான்! கடற்கரைக் குப்பங்களில் வாழும் மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து, முன்பின் அறியாதாரை ஏற்றிக் கரை சேர்த்தனர்.

வெள்ளம் கண்ட நகரம் நான்காண்டுகளுக்குள் வறட்சியையும் கண்டது. 2019ஆம் ஆண்டுக் கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் நான்கும் ஏறத்தாழ முற்றும் வறண்டன. ஜூலைத் திங்களில், 50 தொட்டிகள் பூட்டிய தொடர்வண்டி, ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் காவிரி நீரை ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்குச் சுமந்து வந்தது. தெருக்களில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடங்கள் வரிசையாக நின்றன. வேலைக்குச் செல்வோர் குடத்தை மட்டும் வைத்துச் செல்வர். குடமே அவர்க்காக நிற்கும். லாரி வந்ததும் சிற்சில வேளை பூசல் மூள்வதும் உண்டு. எனினும், ஆளில்லாக் குடத்தை வரிசையில் முன்னே நகர்த்தி, நிரப்பி, ஓரமாக வைத்த கைகளையும் யான் கண்டிருக்கிறேன்.

இனி, நகரம் தரும் சிற்றின்பங்கள் அல்ல, சிறு இன்பங்கள் சில உண்டு. அவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. முதலாவது கடற்காற்று. பகலில் நிலம் கடலினும் விரைவில் வெப்பமுறுகிறது. நிலத்தின்மேல் காற்றுச் சூடேறி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்காற்று கரை நோக்கி வருகிறது. கரிசற் காட்டு வெப்பக்காற்றில் வளர்ந்த எனக்கு, மாலையில் மெரினா மணலில் அமர்ந்து அக்காற்றை நுகர்தல் விருந்தாயிற்று. மற்றோர் இன்பம் நூலகம். 1896ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகத்திற்குச் செல்வேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் வாழ்நாள் எல்லாம் தேடித் திரட்டிய நூல்களைக் கொண்டு 1994ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நூலகத்திற்கும் செல்வேன். யாரோ ஒருவர் காத்த ஏட்டை யாரோ ஒருவர் படிக்கின்றார். இதுவும் கைமாறிக் கைமாறி வரும் செல்வமேயன்றோ?

இவற்றினும் பெரிய இன்பம் ஒன்று உண்டு. சிற்றூரில், “நீ எந்தத் தெரு?” என்று வினவுவர். அவ்வினாவிற்குள் சாதியைப் பற்றிய வினாவொன்று ஒளிந்திருப்பதை நாம் அறிவோம். பேருந்தில் காசு மாறிய கைகளுள் எக்கை எவருடையது என்று எவரும் கேட்டிலர். கடற்கரை மணலிலும் நூலக மேசையிலும் அவ்வினா எழவில்லை. நகரத்தில் அஃது அடியோடு ஒழிந்துவிட்டது என்று கூறேன். வாடகை வீடு தேடுவோரிடம் அதனைச் சுற்றி வளைத்துக் கேட்போர் இன்றும் உளர். எனினும், அக்கேள்வி இல்லாமல் ஒரு நாள் முழுதும் கழிக்க இயலும் என்பதைக் கண்டதே எனக்குப் பேருவகை தந்தது.

நகரத்தின் வாழ்வு நகர எல்லையோடு நிற்பதன்று. சென்னைத் தேநீர்க் கடையொன்றில் தீப்பெட்டியின்மேல் ‘சாத்தூர்’ என்னும் எழுத்துகளைக் கண்டு களித்திருக்கிறேன். தீபாவளி நாளில் மொட்டை மாடிதோறும் எங்கள் பகுதிப் பட்டாசுகள் ஒளி பூத்தன. குழந்தைகள் கைகொட்டி ஆர்த்தனர். அவ்வொளியைச் செய்து அனுப்பிய கைகளை அவர்கள் அறியார். 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சாத்தூருக்கு அணித்தாகிய அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். ஊர் திரும்பியிருந்த யான் அச்செய்தி கேட்டபோது, மாடியில் ஆர்த்த குழந்தைகளை நினைத்தேன். அறியாதார் கைகள் நம் காசைக் காப்பது போல, அறியாதார் உயிரை நாமும் காத்தல் வேண்டும். விலை குறைந்த பொருளைத் தேடும்போது, அதனைச் செய்தவர் பாதுகாப்போடு செய்தனரா என்று எண்ணிப் பார்த்தல் நகரத்தார்க்கும் கடன்; நமக்கும் கடன்.

மாணவர்களே, பெருநகரம் செல்லும்போது நம் ஊரிலிருந்து ஒரு வினாவைத் தவறாமற் கொண்டு செல்லுங்கள், “சாப்பிட்டீர்களா?” என்பது அது. கேட்டவர் முதல்நாள் திகைப்பர், மறுநாள் முறுவலிப்பர். “எந்தத் தெரு?” என்னும் வினாவையோ உடன்கொண்டு செல்லாதீர்கள். ஊர் திரும்பும் நாளில் இங்கும் அதனைக் கேளாதீர்கள்.