கொழுக்கட்டைப் புல்லும் காங்கயம் காளையும்

திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் தெற்கே போனால், பல்லடத்திலிருந்து காங்கயத்துக்குப் போகும் சாலை குறுக்கிடுகிற இடத்தில் அவிநாசிபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன், சுந்தரமூர்த்தி நாயனார் முதலை வாயிலிருந்து பாலகனை மீட்ட அவிநாசியை நினைத்துக்கொண்டு மூட்டை கட்டிவிடாதீர்கள். அந்த ஸ்தலம் திருப்பூருக்கு வடமேற்கே. இந்த ஊர் தெற்கே. இங்கே பார்க்கவேண்டியது கோபுரம் அல்ல. இரண்டு உலகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதைத்தான் பார்க்கவேண்டும்.

வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருவது பனியன் உலகம். விடியற்காலையிலேயே கம்பெனி வேன்கள் கிராமம் கிராமமாகப் புகுந்து, ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கு விரைகின்றன. பல்லடம் பக்கத்துத் தறிகளின் ஓசை ஒரு கணமும் ஓய்வதில்லை. அவிநாசிபாளையத்தைத் தாண்டிக் கிழக்கே காங்கயத்தை நோக்கித் திரும்பினால், சிறிது சிறிதாக ஓசை அடங்குகிறது. சாலைக்கு இருபுறமும் உயிர்வேலிகள் தோன்றுகின்றன. மானாவாரி நிலத்துக்கு யார் இவ்வளவு அக்கறையாக வேலி போட்டார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். நெல்லில்லை, கரும்பில்லை, உள்ளே எட்டிப் பார்த்தால் சரளை கலந்த செம்மண்ணில் புல்லும், அங்கங்கே குடை பிடித்தாற்போல் வெள்வேல மரமுந்தான். இதற்குக் கொரங்காடு என்று பெயர்.

கொரங்காட்டைத் தரிசு என்று நினைப்பவர்கள் பட்டணத்துக்காரர்கள். மழை குறைந்த இந்தச் சீமையில் பல தலைமுறைக் குடியானவர்கள் யோசித்து யோசித்து உருவாக்கிய ஏற்பாடு அது. வேலி, முள் நிறைந்த கிளுவைச் செடியால் ஆனது. கொம்பை ஒடித்து நட்டால் போதும், தானே வேர்பிடித்துக்கொள்ளும். பிறகு ஆடும் நுழையாது, மாடும் வெளியேறாது. உள்ளே முளைப்பது முக்கியமாகக் கொழுக்கட்டைப் புல். கோடையில் காய்ந்து சருகாகக் கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் உயிர் பெற்று எழுந்துவிடும். நரிப்பயறு, செப்பு நெருஞ்சி முதலிய கொடிகள் புல்லோடு கலந்து படர்ந்து மாட்டுக்குச் சத்தும் மண்ணுக்கு உரமும் தருகின்றன. புல்லும் தீர்ந்துபோகிற காலத்துக்கென்று வெள்வேலமரம் காய்களை உதிர்க்கிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு, மறுபடியும் புல்லுக்கே விட்டுவிடுவார்கள். வேலியால் பல பட்டிகளாகப் பிரித்திருப்பதால் ஒன்றில் மேயும்போது மற்றொன்று இளைப்பாறும். காலையில் படலைத் திறந்து மாடுகளை உள்ளே விட்டுவிட்டால் காவலுக்கு ஆள் தேவையில்லை. மேய்ப்பதற்கு ஆளே கிடைக்காத இந்தப் பனியன் யுகத்தில்கூடக் கொரங்காடு கொஞ்சமாவது பிழைத்திருப்பதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் காய்ந்த புல்லைத் தின்று வளர்ந்ததுதான் தேசப் பிரசித்தி பெற்ற காங்கயம் காளை. அரபு நாட்டுக் குதிரைக்கு உலகத்தில் எவ்வளவு கௌரவம் உண்டோ, அவ்வளவு கௌரவம் உழவர் உலகத்தில் இந்த மாட்டுக்கு உண்டு.

குதிரை என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் சிவத் தொண்டில் செலவிட்டதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்ததும் நேயர்கள் அறிந்தவையே. கதை எப்படியிருந்தாலும், அதற்குப் பின்னால் ஒரு சரித்திர உண்மை இருக்கிறது. நம் ராஜாக்கள் குதிரைக்காகப் பொன்னை வாரி இறைத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்துக்கு அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வருஷத்துக்கு 10,000 குதிரைகள் என்றும், ஒவ்வொன்றுக்கும் விலை 220 செம்பொன் தீனார் என்றும் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்தார். இவ்வளவும் எங்கே போயின? அதே காலத்தில் வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ பதில் சொல்கிறார். வருஷ முடிவில் பெரும்பாலானவை செத்துப்போய்விடுமாம். குதிரைக்கு இறைச்சி கலந்த சோற்றைப் போட்டார்கள் என்றும், உயர்ந்த குதிரையையும் உயர்ந்த பெட்டையையும் சேர்த்தாலும் இங்கே கோணற்காலோடு, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறந்தது என்றும் அவர் எழுதுகிறார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் வருஷந்தோறும் மறுபடி மறுபடி குதிரை வாங்கினார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

அரபு நாட்டான் தன் பாலைவனத்தையும் தன் கூடாரத்தையும் கொண்டு குதிரையை உருவாக்கினான். நாம் குதிரையை மட்டும் விலைக்கு வாங்கினோம். பாலைவனத்தை வாங்க முடியுமா? கொங்குநாட்டுக் குடியானவனோ கப்பலுக்காகக் காத்திராமல் தன் சொந்தச் சரளை மண்ணைக் கொண்டே ஒரு ஜாதிப் பிராணியை உருவாக்கிவிட்டான். சுதேசியம் என்ற வார்த்தை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்த சுதேசியம் இது. கம்பெனி சர்க்கார் 1824-ஆம் வருஷத்தில் ராணுவக் குதிரைகளுக்காக ஓசூரில் ஏற்படுத்திய பண்ணையுங்கூடப் பிற்காலத்தில் மாட்டுப் பண்ணையாக மாறி, அங்கே காங்கயம் மாடுகள் வளர்ந்தன.

காங்கயத்திலிருந்து ஈரோட்டுப் பக்கம் போனால் நத்தக்காடையூரை அடுத்துப் பழையகோட்டை வருகிறது. காங்கயம் இனத்தின் தலைமைப் பட்டி என்று இதைச் சொல்லலாம். இவ்வூர்ப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய மந்தையை வைத்து, தேர்ந்த பொலிகாளைகளைக் கொண்டு இனத்தைச் செம்மைப்படுத்தினார். கால்நடை நூல்களெல்லாம் காங்கயத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. 1936-இல் லிட்டில்வுட் என்ற அதிகாரி தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூலிலும் இந்த இனத்துக்குச் சிறப்பான இடம் உண்டு.

அழகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் செம்மை போய்ச் சாம்பல் நிறம் வந்துவிடும். காளையானால் வயது ஏற ஏறத் திமிலும் கழுத்தும் தொடையும் கறுத்து, மழைமேகம் இறங்கி நிற்பதுபோல் ஆகிவிடும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கறுப்பு வெளுத்துவிடுகிறது. மயிலை, காரி, செவலை, பில்லை என்று நிறத்துக்கு ஒரு பெயர். பொலிகாளைக்கு ஊரார் சொல்வது பூச்சிக்காளை என்று. இவ்வளவு கம்பீரமான பிராணிக்கு ஏன் பூச்சி என்று பெயர் வைத்தார்களோ, கொங்குநாட்டாரின் நகைச்சுவை எனக்கு விளங்கவில்லை.

இங்கே வருஷத்தின் போக்கே மாட்டைச் சுற்றித்தான். சித்திரையில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது கண்ணபுரம் மாரியம்மன் தேர். அதையொட்டி மாட்டுச் சந்தை. புல் தீர்ந்து, தட்டுப் போர் பாதியாகக் கரைந்திருக்கும் காலமாகையால், வாங்குவோருக்கும் விற்போருக்கும் மனத்தில் ஒரே கேள்வி: கோடை மழை வருமா? ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று ஓயாமல் வீசும். காற்று வருமே தவிர மழை அதிகமாக வராது. ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோவில் பண்டிகை. மாடுகளோடு குதிரைகளும் வந்து நிற்கிற சந்தை அது. கத்தியவார், மார்வார் குதிரைகளை அங்கே பார்க்கலாம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கினால் கொரங்காடு ஒரு வாரத்தில் பச்சைப் பட்டு உடுத்திவிடும். பசு சந்தோஷமாக மேய்வதை அப்போது பார்க்கவேண்டும். தை பிறந்தால் பட்டிப் பொங்கல். பிற ஜில்லாக்களில் மாட்டுக்குச் சோறூட்டுவதோடு விழா முடிந்துவிடும். இங்கே பட்டிக்குள்ளேயே பொங்கல் வைத்து, சாணத்தால் கரை கட்டிச் சிறு தெப்பக்குளம் அமைத்து, மாட்டை அதில் கால் வைத்து இறங்கச் செய்கிறார்கள். பிறகு சோளத்தட்டை அறுத்துப் போர் போடும் வேலை, மறுபடி சித்திரை.

“பசு எவ்வளவு பால் கறக்கும்?” என்று இப்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். “பாலுக்காங்க வெச்சிருக்கறோம்? கன்னுக்குத்தானுங்க!” என்கிற தோரணையில்தான் பதில் வரும். நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறந்தால் நல்ல பசு. அதிலும் கன்றுக்குப் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. குடியானவனின் வரும்படியெல்லாம் காளைக்கன்றில் இருந்தது. ஜோடி சேர்த்து வளர்த்து, ஏருக்கும் வண்டிக்கும் பழக்கி விற்றால் ஒரு கல்யாணச் செலவு தீர்ந்துவிடும். அதைவிட முக்கியமான உத்தியோகம் கவலை இறைப்பது. ஆழக் கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீரைச் சரிவில் இறங்கி இறங்கி இழுத்துக் கொடுத்தவை இந்த எருதுகள். கொங்குநாட்டுத் தோட்டமெல்லாம் அவற்றின் கழுத்து வலிமையால் விளைந்தது.

அந்த உத்தியோகத்துக்கு முடிவு நீலகிரியிலிருந்து வந்தது. 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது. அந்த மின்சாரம் கோயமுத்தூர் ஆலைகளை ஓட்டியது. பிறகு மெள்ள மெள்ளக் கிணற்றுக் கரைக்கும் வந்து மோட்டாராக உட்கார்ந்தது. கவலைத் தடம் புல் மூடியது. பின்னால் டிராக்டர் வந்து ஏரையும், லாரி வந்து வண்டியையும் வாங்கிக்கொண்டன. பால் வேண்டுபவர்கள் சீமைக் கலப்புப் பசுவுக்கு மாறினார்கள். காளைக்கன்றைக் கேட்பார் இல்லாமல் போயிற்று. கேட்டவர்களில் பலர் கேரளத்துக்கு லாரி ஏற்றுகிற வியாபாரிகள். மின்சாரமும் மோட்டாரும் வராதிருந்தால் நன்றாயிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் இறைத்தே ஆயுளைக் கழித்த மனிதர்களையும் நினைக்கவேண்டும் அல்லவா?

பனியன் தொழிலையும் அப்படித்தான் நினைக்கிறேன். வானம் பார்த்த பூமியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது அது. ஆனால் அதற்கு விலையும் கொடுத்தோம். நொய்யலாற்றின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகச் சாயக் கழிவு தேங்கியதும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த விஷயங்கள். அதைக்காட்டிலும் சத்தமில்லாமல் நடப்பது மற்றொன்று. அவிநாசிபாளையத்துச் சாலைகளில் போகும்போது, கிளுவை வேலியை இயந்திரம் வேரோடு பிடுங்கிப் போட்டிருக்க, வர்ணமடித்த மனைக் கற்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். கொரங்காட்டில் புல் விற்று வருகிற பணத்தையும், மனை விற்று வருகிற பணத்தையும் ஒரே தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டு ஜல்லிக்கட்டுக்காகக் கிளர்ச்சி செய்தபோது, தமிழ்நாடு முழுவதும் சுவர்களிலும் சட்டைகளிலும் காங்கயம் காளையின் படம் எழுந்தது. 2014-இல் விழுந்த தடை, அதே மாதத்தில் வந்த சட்டத்தால் நீங்கியது; 2023-இல் உச்சநீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு நல்ல காளைக்கு விலை ஏறியிருக்கிறது. ரேக்ளாப் பந்தயத்துக்கு எருது தேடுகிறார்கள். நாட்டுப் பசுவின் பாலுக்கும் நெய்க்கும் பட்டணங்களில் கிராக்கி வந்திருக்கிறது. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் ஆராய்ச்சி நிலையத்தார் இனத்தோடு கொரங்காட்டையும் காக்கவேண்டுமென்று முயன்று வருகிறார்கள். சரியான வழி அதுதான் என்பது என் அபிப்பிராயம். சினை ஊசிக்குரிய வித்தை உறையவைத்து எத்தனையோ வருஷம் பத்திரப்படுத்தலாம். கடல் கடந்த பிரேசில் தேசத்துச் சங்கத்தார்கூடக் ‘காங்கயான்’ என்று இந்த இனத்துக்குத் தனிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். ஆனால் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலங்காயையும் கிளுவை வேலியையும் எந்தக் குப்பியில் உறையவைப்பது? மாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேய்ச்சல் காட்டை விட்டுவிட்டால், காயல் துறையில் குதிரை வாங்கிய ராஜாக்களின் நிலைமைதான் நமக்கும்.

நேரில் பார்க்க விரும்புகிற நேயர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழையகோட்டை மாட்டுத்தாவணிக்குப் போகலாம். காங்கயம் இனத்துக்கென்றே கூடுகிற சந்தை அது. வாயைத் திறந்து இரண்டு பல்லா நாலு பல்லா என்று பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், பிறகு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எவ்வளவுக்கு முடிந்தது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. தாய்ப்பசுவோடு கட்டியிருக்கும் செந்நிறக் கன்றுகளைத் தவறாமல் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. நல்ல ஜோடிகள் சீக்கிரமே கைமாறிவிடும்.