மலிவும் மட்டமும்

"மலிவு" என்னும் சொல்லை நம்மவர் இரு பொருளில் வழங்குகின்றோம். விலை குறைந்தது என்பது ஒன்று. தரங்கெட்டது என்பது மற்றொன்று. முன்னது கணக்கு, பின்னது தீர்ப்பு. கணக்கைக் கண்ட மாத்திரத்தில் தீர்ப்புக் கூறிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வழக்கம் பிழையென்பதையும், இதற்கு நேர்மாறான வழக்கமும் அதே அளவு பிழையென்பதையும் எனக்குக் கற்பித்தது சீனத்துப் பேனா ஒன்று. அதனை வாசகர்களுக்குச் சொல்லுதல் என் கடமையாகின்றது. ஏனெனில், என் பிழைக்கு விலை கொடுத்தவன் நானல்லன். பத்து வயதுச் சிறுவன் ஒருவன்.

என் தந்தையார் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். சம்பள நாளில் மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்திப் பதிவேட்டில் உருட்டி எடுப்பார். எதிரே அமர்ந்திருக்கும் கிராணியாரின் சட்டைப்பையில் ஊற்றுப்பேனா ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். அதனை எழுதுங்கருவி என்று லயத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் எண்ணியதேயில்லை. அதிகாரத்தின் அடையாளம் என்றே எண்ணினோம்.

நான் பள்ளியில் பயிலும்போது எனக்கும் ஒரு பேனா வாய்த்தது. ஆயுத பூசையன்று அதனைச் சரசுவதி படத்தின் முன் வைத்து, முள்ளின்மேல் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டினோம். மறுநாள் அஃது எழுத மறுத்தது. முள்ளின் பிளவிலே சந்தனம் உறைந்து போயிருந்தது. தேவியின் அருளை வேண்டி நின்ற பேனாவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு கோப்பைத் தண்ணீர்! கழுவினேன், எழுதிற்று. பேனாவைக் கும்பிடுவது வேறு, பேனாவை அறிவது வேறு என்பதை அன்றே நான் உணர்ந்திருக்க வேண்டும். உணர்ந்தது பல்லாண்டுகளுக்குப் பின்னரே.

நிற்க. இன்றைய நிலை யாது? ஊற்றுப்பேனா கிராணியார் சட்டைப்பையை விட்டு இறங்கி, கைத்தொலைபேசியின் திரைக்கு வந்துவிட்டது. இணையக் கடைகளில் ஜின்ஹாவ், விங் சுங், ஹீரோ முதலிய சீனப் பேனாக்களிற் சில 10 வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. மலேசியாவில் 2024 சனவரி 1 முதல், அயல்நாட்டிலிருந்து இணையவழி வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு நூற்றுக்குப் பத்து விற்பனை வரி உண்டு; சிங்கப்பூரிலோ 400 வெள்ளிக்கு மேற்படாத இத்தகைய பொருள்களுக்கு 2023 சனவரி 1 முதல் பொருள் சேவை வரி உண்டு. இவ்வரிகளைக் கூட்டினாலும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுதான்.

இவற்றைக் கண்டவுடன், "சீனச் சரக்குத்தானே!" என்று உதட்டைப் பிதுக்குவோர் நம்மிற் பலர். அவர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. 1931-இல் ஷாங்காய் நகரில் ஹுவாஃபூ என்னும் பேனாத் தொழிற்சாலை தோன்றிற்று. ஹீரோ பேனாக்கள் பிறந்தது அங்கேதான். 1941-இல் அமெரிக்கர் வெளியிட்ட பார்க்கர் 51 உலகெங்கும் புகழ்பெற்றிருந்த காலத்தில், 1958-இல் அந்த ஷாங்காய்த் தொழிலாளர்கள், "பார்க்கரை எட்டிப் பிடிப்போம்" என்று சூளுரைத்து உழைத்தனர். அவர்கள் பார்க்கரைப் பார்த்துச் செய்தார்கள் என்பது மெய். இன்றும் பல சீனப் பேனாக்கள் பிறநாட்டுப் பேனாக்களின் வடிவை அப்படியே தழுவியவை என்பதும் மெய். அதனைப் புகழ வேண்டியதில்லை. ஆயினும், பார்த்துச் செய்வதற்கும் கை வேண்டும், கருவி வேண்டும், உலோகத்தைப் பற்றிய அறிவு வேண்டும்.

தம் குறையைத் தாமே எடுத்துரைக்கும் துணிவும் அந்நாட்டாருக்கு இருந்தது. ஆண்டுதோறும் கோடி கோடியாக உருளைமுனைப் பேனாக்களைச் செய்து குவித்தும், அவற்றின் முனைக்கு வேண்டிய தரமான எஃகை அயல்நாடுகளிலிருந்தே தருவிக்கின்றோமே என்று 2016-இல் அந்நாட்டுப் பிரதமர் லீ கெச்சியாங் வெளிப்படையாகக் குறைகூறினார். 2017-இல் தையுவான் எஃகு ஆலையார் அவ்வெஃகைத் தாமே செய்துவிட்டதாக அறிவித்தனர். குறையைப் பூசையால் மறைக்கவில்லை. ஆராய்ச்சியால் நீக்க முற்பட்டனர். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது இல்லையா?

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். இந்நாட்டு ரப்பர்த் தோட்டத்து முதலாளிகள் நம் முன்னோரை நாடியது எதற்காக? கூலி மலிவு என்பதற்காகவே. கூலி மலிவு, வேலை மட்டமா? மரத்தின் பட்டையை உளியால் வெட்டும்போது, ஆழம் குறைந்தால் பால் இறங்காது. மயிரிழை மிகுந்தால் உள்மரம் காயப்பட்டுப் பின்னாளில் பட்டை முண்டு முண்டாக வளரும். அந்த மயிரிழை அளவை, விடியுமுன் நெற்றிவிளக்கின் ஒளியில், கைப்பழக்கத்தாலேயே அறிந்தவர் என் தந்தையார். அவரை மலிவான ஆள் என்றனர். அவ்விழிசொல்லைப் பரம்பரையாகச் சுமந்த நாமே, இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் கைவேலையைப் பாராமலே அச்சொல்லால் இகழ்வது எவ்வாறு பொருந்தும்?

இவ்வாறெல்லாம் நியாயம் பேசிக்கொண்டு நான் ஒரு சீனப் பேனா வாங்கினேன். அருமையாக எழுதிற்று. உள்ளம் பூரித்தது. ஞாயிறுதோறும் பழைய தோட்டத்து மண்டபமொன்றில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பாடஞ்சொல்லி வருகின்றேன். அப்பிள்ளைகளுக்காக அதே வகையில் 20 பேனாக்கள் தருவித்தேன். வந்த பொட்டலத்தைப் பிரித்தேன், அன்றே வழங்கினேன். கைதட்டினார்கள்.

மூன்று வாரம் சென்றது. ஒரு சிறுவன் மட்டும் நோட்டுப்புத்தகத்தைத் திறப்பதேயில்லை. ஏன் என்று வினவினேன். தலை கவிழ்ந்து, "எனக்கு எழுத்து வராது சார். எங்க வீட்டுல யாருக்குமே வராது" என்றான்.

அவன் நோட்டைப் பார்த்தேன். மை படாத வெறுங்கீறல்கள். அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்த இடங்கள். பேனாவை வாங்கி உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினேன். முள்ளின் இரு பிளவுகளுள் ஒன்று மேலேறி நின்றது. நடுவிலுள்ள கீற்றோ ஒளியும் புகாதபடி இறுகியிருந்தது. அதனைக் கொண்டு எவராலும் எழுத முடியாது. குற்றம் பேனாவினுடையது. அவனோ அதைத் தன் குடும்பத்தின் குற்றமென்று கொண்டான். என் தந்தையாரின் பெருவிரல் ரேகை என் கண்முன் வந்தது.

இருபதையும் திரும்பப் பெற்றுச் சோதித்தேன். 13 நன்று, 4 திருத்தத்தக்கவை, 3 எதற்கும் உதவாதவை. ஒன்று நன்றாயிருந்ததைக் கொண்டு இருபதும் நன்றென்று நான் கொண்டேன். நாட்டின் பெயரைக் கொண்டு எல்லாம் மட்டம் என்பவனுக்கும் எனக்கும் என்ன வேற்றுமை? இருவருமே பொருளைச் சோதிக்கவில்லை.

ஆகவே, சோதிக்கும் முறையைக் கூறுகின்றேன். பேனா மாயமன்று. மை, முள்ளின் கீற்று வழியாகவும், அடியிலுள்ள நாக்கின் நுண்ணிய கால்வாய் வழியாகவும் கீழிறங்குகின்றது. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே ஏறுகின்றது. இவ்விரண்டில் எது தடைப்பட்டாலும் எழுத்து நிற்கும். புதுப்பேனாவில் ஆலையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கக்கூடும். அது மையின் வழியைக் கெடுக்கும். எனவே, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் விளக்கும் சோப்பு நீர் ஒரு துளி கலந்து, முதலில் அலசுக. பின்னர் நல்ல நீரில் அலசுக.

அடுத்து, கண்ணாடி வைத்து முள்ளின் நுனியைப் பார்க்க. இரு பிளவுகளும் சமமாக நிற்க வேண்டும்; கீற்று நுனியை நோக்கிச் சிறுகச் சிறுகக் குறுக வேண்டும். ஒன்று ஏறியிருந்தால், நகத்தால் மெல்ல அழுத்திச் சமன் செய்யலாம். கீற்று இறுகியிருந்தால், மெல்லிய பித்தளைத் தகட்டைப் பலமுறை இழைத்துத் தளர்த்தலாம். உப்புத்தாளில் நுனியைத் தேய்க்க மட்டும் விரையாதீர். நுனியில் வைத்த கடின உலோகம் தேய்ந்து போனால் திரும்ப வாராது.

மூன்றாவது, மை நிரப்பி, அழுத்தாமல் எட்டு எட்டாகச் சுழித்து எழுதுக. ஒரு திசையில் மட்டும் கீறினால் பிளவுகள் சமமில்லை. ஒவ்வோர் எழுத்தின் தொடக்கமும் மை பற்றாமல் விட்டுப் போனால், நுனியின் உள்விளிம்பு அளவுக்கு மீறி மழுக்கப்பட்டிருக்கக்கூடும். கடைசியாக, மூடியை இட்டு ஒரு வாரம் சும்மா வைத்து, பின் எழுதிப் பார்க்க. உடனே எழுதினால் மூடி நன்று. வறண்டிருந்தால் அழகிய மூடியாயினும் ஓட்டை மூடியே.

முள்ளின்மேல் 18கேஜிபி என்று பொறித்திருந்தால் பொன்னென்று மயங்கற்க. அது பொன்முலாம் மட்டுமே. "இரிடியம்" என்று பொறித்திருப்பதாலேயே நுனியில் இரிடியம் உண்டென்றும் கொள்ளற்க. இற்றைநாள் நுனிகள் வேறு கடின உலோகங்களால் ஆனவையாகவும் இருக்கும். வாங்கியோர் இட்ட நட்சத்திரங்களையும் நம்பிவிடாதீர். பொட்டலம் விரைந்து வந்ததென்று ஐந்து நட்சத்திரம் இட்டவர், பேனாவைத் திறந்தே பாராதவராக இருக்கக்கூடும். முதலில் ஒன்று வாங்குக. ஒரு மாதம் எழுதுக. பின்னர் பல வாங்குக. அப்பலவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே பிறர் கையில் கொடுக்க.

இக்கடைசி வாக்கியமே இக்கட்டுரையின் உயிர். நமக்கென்று வாங்கும் பேனா கெட்டுப்போனால் பத்து வெள்ளி நட்டம். ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகக் கொடுக்கும் பேனா கெட்டுப்போனால், அவன் அதனைக் குறைகூற அஞ்சுவான், தன்னையே குறைகூறிக்கொள்வான். நம் சங்கங்களும் மன்றங்களும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பைகளும் பேனாக்களும் வழங்கிப் படமெடுத்துக்கொள்கின்றன. வழங்குமுன் அவற்றுள் எத்தனையைத் திறந்து பார்க்கின்றோம்? சோதியாமல் கொடுப்பது ஈகையன்று. கழிவைக் கைமாற்றுவதே ஆகும்.

அச்சிறுவனின் பேனாவைத் திருத்திக் கொடுத்தேன். குற்றம் என்னுடையதென்றும், பாராமல் கொடுத்துவிட்டேனென்றும் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவன் இரண்டு பக்கம் எழுதிவந்தான். "பேனா நல்லாப் போகுது சார். எழுத்துதான் இன்னும் கோணல்" என்றான்.

கோணலைப் பழக்கத்தால் திருத்திவிடலாம். "எங்களுக்கு வராது" என்பதைத் திருத்துவதே அரிது.