முதலில் சேதம், பிறகு காரணம்

இங்கிலாந்தில் ஒரு கடையோ அலுவலகமோ குத்தகை முடிந்து கைமாறும்போது, கட்டட சர்வேயர் ஒருவர் ஏணியும் டார்ச்சுமாக உள்ளே நுழைவார். கூரையிலிருந்து சாக்கடை மூடிவரை பார்த்து, என்ன பழுது, எந்த ஷரத்து மீறப்பட்டது, செய்ய வேண்டிய வேலை என்ன, செலவு எவ்வளவு என்று கட்டம் கட்டி எழுதுவார். வெளியேறும் வாடகைதாரர் கட்ட வேண்டிவரும் பெரிய தொகை அந்தப் பட்டியலில் பிறப்பதுதான். தொழிலுக்குப் புதியவர் சுவரில் ஈரம் கண்டதுமே எழுதத் தொடங்கிவிடுவார். கைதேர்ந்தவர் முதலில் தேடுவது, நன்றாக இருந்த எது இப்போது கெட்டிருக்கிறது என்பதை.

தபால் துறை குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு லண்டன் அலுவலகக் கட்டடம் இதற்கு நல்ல பாடம். 1960களில் கட்டியது. தரைக்கீழ்த் தளத்தில் சுவரும் தரையும் சேரும் கான்கிரீட் இணைப்பு தொடக்கத்திலேயே சரியாக அமையவில்லை. நிலத்தடி நீர் ஏறியபோது உள்ளே கணுக்காலளவு தண்ணீர், வருடக்கணக்கில் நின்றது. வாடகைதாரரே சரிசெய்ய வேண்டும் என்றார் உரிமையாளர். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டிய நாளில் இருந்தபடியே கட்டடம் இருக்கிறது, எதுவும் சிதையவில்லை, எனவே பழுதுபார்க்கும் கடமையும் எழவில்லை.

நாட்டிங் ஹில் கேட்டின் கேம்ப்டன் ஹில் டவர்ஸ் இதற்கு நேர்மாறு. கான்கிரீட் சட்டகத்தின்மேல் கல் பதித்த 16 மாடிக் கட்டடம். விரிவு இணைப்புகள் விடாமல் கட்டியதால், 1973இல் கற்கள் பிதுங்கி விழும் நிலைக்கு வந்தன. கட்டுமானக் குறைக்கு நான் பொறுப்பா என்று குத்தகைக்கு எடுத்திருந்த நிறுவனம் வாதாடியது. தோற்றது. இங்கே சேதம் கண்ணெதிரே இருந்தது. குறையைத் தீர்க்காமல் சேதத்தை ஒழுங்காகச் சரிசெய்யவும் வழியில்லை. மொத்தச் செலவு சுமார் 55,000 பவுண்டு, அதில் இணைப்புகளுக்கு சுமார் 5,000. கட்டடத்தைப் புதிதாகக் கட்டவோ முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் ஆகும். அந்த விகிதத்தைப் பார்த்த நீதிபதி, இது கட்டடத்தையே மாற்றிக் கொடுப்பதல்ல, பழுதுபார்ப்புதான் என்றார்.

சிறு வியாபாரிகள் அடிபடுவது இன்னோர் இடத்தில். வாடகையையும் முன்பணத்தையும் கூர்ந்து பேசுவார்கள். 'நல்ல பழுதற்ற நிலையில் வைத்திருக்க வேண்டும்' என்ற வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். கென்டிஷ் டவுன் வீடு ஒன்றைப் பற்றிய 1890ஆம் ஆண்டு வழக்கிலிருந்து அந்த வரியின் பொருள் உறுதியானது: வரும்போதே கெட்டிருந்தாலும் முதலில் நல்ல நிலைக்குக் கொண்டுவருவதும் வாடகைதாரர் பொறுப்பு. கட்டடத்தின் வயது, தன்மை, இருக்கும் வட்டாரம் ஆகியவற்றைப் பொறுத்தே தரம் அளக்கப்படும் என்பது மட்டும் அதே தீர்ப்பு தந்த ஆறுதல். முந்தையவர் விட்டுச்சென்ற ஒழுகும் கூரைக்குப் புதியவர் பணம் கட்டுவது நியாயமே இல்லை. ஆனால் கையெழுத்து போட்டாயிற்று.

ஆகவே சாவி வாங்கும் முன்பே படங்களோடு நிலைக்குறிப்பு எழுதி, 'இதைவிட நல்ல நிலையில் ஒப்படைக்கத் தேவையில்லை' என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வார் வாடகைதாரரின் சர்வேயர். இந்தியாவின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, இதை ஓரளவு தானாகவே தருகிறது: ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், 108ஆம் பிரிவின்படி, பெற்றபோதிருந்த நிலையில் திருப்பினால் போதும், நியாயமான தேய்மானம் கணக்கில் வராது. ஆனால் பெற்ற நிலை எது என்று காட்டப் படமோ குறிப்போ இல்லாதபோது, சென்னைக் கடைக்காரரும் அட்வான்ஸுக்காக மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பட்டியல் வந்த பிறகும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் 1927ஆம் ஆண்டுச் சட்டம், 18ஆம் பிரிவு: பழுதால் உரிமையாளரின் சொத்து மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதற்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. குத்தகை முடிந்ததும் கட்டடத்தை இடிக்கப் போகிறார் என்றால், பழுதுக்கென்று எதுவுமே கேட்க முடியாது. அதனால்தான் தொகையைப் பற்றி வாய் திறக்கும் முன், உள்ளூராட்சியின் கட்டட அனுமதிப் பதிவுகளில் உரிமையாளர் ஏதாவது விண்ணப்பித்திருக்கிறாரா என்று வாடகைதாரரின் சர்வேயர் தேடிப் பார்க்கிறார்.