தட்ட முடியாத கைப்பேசி

அக்டோபர் 4, 2025, சனி. ஸ்கூடாய்

தம்பி புதுக் கைப்பேசி வாங்கிக்கொண்டு பழையதை என் தலையில் கட்டிவிட்டான். பழையது என்றாலும் படம் எடுப்பதில் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். ஒரே சங்கடம், அது ஹுவாவே. 2019 மே மாதம் அமெரிக்கா அந்த நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்த பிறகு வந்த அதன் புது மாடல்களில் கூகுள் சேவைகள் கிடையாது. பிளே ஸ்டோர் இல்லை, கூகுள் வாலட்டும் இல்லை. “அப்ப கடையில எப்படிக்கா காசு கட்டுவீங்க?” என்று அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் பரிதாபமாகக் கேட்டாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மலேசியாவுக்குச் சாம்சங் பே வந்தது 2017-இல். ஆப்பிள் பே 2022 ஆகஸ்டில்தான் வந்தது, கூகுள் வாலட் அதே ஆண்டு நவம்பரில். கூகுள் வாலட் மூன்று வருடம்கூட நிறையாத ஒரு வசதி, அதற்குள் அது இல்லாமல் ஒருவர் எப்படி உயிர்வாழ்வார் என்று கேட்க வைத்துவிட்டது.

தட்டிக் கட்டுவதற்குக் கைப்பேசியில் என்எஃப்சி சில்லு இருந்தால் மட்டும் போதாது. கார்டு எண்ணுக்குப் பதிலாக ஒரு மாற்று எண்ணை உள்ளே பூட்டி வைக்கிறார்கள். அந்தக் கைப்பேசி நம்பத்தக்கதுதானா என்று கூகுளோ ஆப்பிளோ சான்று சொல்ல வேண்டும். சான்று இல்லையென்றால் சில்லு இருந்தும் பயனில்லை. மென்பொருளை நோண்டி ‘ரூட்’ செய்த கைப்பேசிக்கும் இதே கதிதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் உட்கார்ந்து ஹுவாவேயின் ஆப்கேலரியில் தேடினேன். டச் அண்ட் கோ இ-வாலட் இருந்தது. என் வங்கியின் செயலியும் இருந்தது. பாதிக் கவலை தீர்ந்தது.

வங்கிச் செயலியைப் புதுக் கைப்பேசிக்கு மாற்றினால் உடனே வேலை செய்யாது. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்கு விதித்த கட்டுப்பாடுகளில் இரண்டு இங்கே குறுக்கே வரும். பணப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் கைப்பேசி ஒருவருக்கு ஒன்றுதான். புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். மோசடிக்காரன் உங்கள் கணக்கைத் தன் கைப்பேசியில் பதிந்தால், அவன் காசை உருவுவதற்குள் உங்களுக்குச் சேதி எட்டட்டும் என்ற கணக்கு. நல்ல ஏற்பாடு. நான் காத்திருந்தேன், துணி துவைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன், “ஏபிகே கோப்பு அனுப்புறேன் ஆன்ட்டி, நேரா ஏத்திடலாம், கூகுளே வேணாம்” என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் எத்தனையோ பேரின் சேமிப்பு, வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பைத் தொட்ட ஒரே காரணத்தால் போயிருக்கிறது. கூகுள் இல்லாத கைப்பேசி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தூண்டில் அதிகம், ஏனென்றால் அவர்களுக்கு உண்மையிலேயே செயலி கிடைக்காத தவிப்பு இருக்கிறது. அதிகாரபூர்வக் கடையில் இல்லாத வங்கிச் செயலி இல்லாமலே இருக்கட்டும். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே அழைக்க வேண்டிய எண் 997.

அக்டோபர் 11, சனி

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். ஜாலான் உங்கு புவானில் கால் வைக்க இடமில்லை. ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி-சனியாக இருந்தபோது ஞாயிறன்று சிங்கப்பூர்க்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். இந்த ஜனவரி முதல் நமக்கும் சனி-ஞாயிறு ஆகிவிட்டதால், சிங்கப்பூர்ப் பாலத்தின் இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் ராஜமாரியம்மன் கோயில் வட்டாரத்தில் வந்து விழுகிறது.

முறுக்கு மாவு, நெய், சாம்பிராணி, அம்மாவுக்கு ஒரு சேலை. எல்லாக் கடையிலும் கல்லா ஓரத்தில் அந்த இளஞ்சிவப்பு அட்டை, டூயிட்நவ் கியூஆர். ஓரிடத்தில் பிளாஸ்டிக் தாங்கியில் நின்றது. பூக்கடையில் மழைக்குப் பயந்து நெகிழி உறையில் சுற்றித் தூணில் கட்டியிருந்தார்கள். கேமராவைக் காட்டினேன், விலையைத் தட்டினேன், ரகசிய எண், முடிந்தது. எந்தக் கடைக்காரரும் என் கைப்பேசி என்ன ஜாதி என்று கேட்கவில்லை.

அந்தக் கட்டம் போட்ட படத்தில் மாயம் ஒன்றும் இல்லை. படித்துப் பார்த்தால் வெறும் எழுத்தும் எண்ணும்தான். எப்போதும் 000201 என்று தொடங்கும். நடுவில் கடையின் அடையாளம். 458 என்று வந்தால் ரிங்கிட், எம்ஒய் என்று வந்தால் மலேசியா. கடைசி நான்கு எழுத்து, மேலே உள்ளதெல்லாம் பிழையின்றிப் படிக்கப்பட்டதா என்று சரிபார்க்க. இஎம்விகோ என்ற அமைப்பு 2017-இல் வெளியிட்ட பொது வடிவம் அது. கேமராவும் வங்கிச் செயலியும் உள்ள எந்தக் கைப்பேசியும் படிக்கலாம். தட்டும்போது கடையின் இயந்திரம் நம் கார்டிலிருந்து காசைக் கேட்டு வாங்குகிறது. இங்கே நாமே நம் கணக்கிலிருந்து அனுப்புகிறோம். அதனால்தான் பூக்காரம்மாவுக்கு இயந்திரமே தேவைப்படவில்லை, ஒரு காகிதம் போதுமாகிவிட்டது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2018, 2019 வாக்கில் இதே தெருவில் கல்லா மேல் பூஸ்ட், கிராப்பே, டச் அண்ட் கோ, வீசாட் பே என்று வரிசையாக அட்டைகள் கொலு வைத்ததுபோல நிற்கும். உங்களிடம் இருப்பது ஒன்று, கடையில் இருப்பது இன்னொன்று. பேங்க் நெகாரா 2018-இல் வங்கிகளும் இ-வாலட் நிறுவனங்களும் ஒன்றோடொன்று பேசியே ஆக வேண்டும் என்று கொள்கை வகுத்தது. அடுத்த ஆண்டு நாட்டின் பணப் பரிமாற்ற வலையமைப்பை நடத்தும் பேநெட் பொதுவான டூயிட்நவ் கியூஆரைக் கொண்டுவந்தது. பின்னர் கோவிட் வந்தது, எல்லோரும் காசைத் தொடப் பயந்தார்கள், அட்டை ஊரெல்லாம் பரவியது. கொலு கலைந்து ஒரே பொம்மை மிஞ்சியது. நல்லதுக்குத்தான்.

2023-இல் ஒரு கலக்கம். நவம்பர் 1 முதல் இந்தப் பரிவர்த்தனைக்கு வணிகர்களிடம் கட்டணம் என்று பேநெட் அறிவித்ததும் சிறு கடைக்காரர்கள் கொதித்தார்கள். பல வங்கிகளும் இ-வாலட் நிறுவனங்களும் சிறு வணிகர்களிடம் வாங்கப் போவதில்லை என்று இறங்கி வந்தன. மாவுக் கடை அண்ணனிடம் இதைக் கேட்டேன். “இப்ப எடுக்கல தங்கச்சி. எடுத்தா அட்டைய திருப்பி வெச்சிருவேன்” என்றார். அவர் செய்வார்.

பணம் வந்ததா என்று பார்க்கும் முறையும் கடைக்குக் கடை வேறு. ஒருவர் தன் கைப்பேசியில் மணி அடிக்கும்வரை பையைக் கொடுக்க மாட்டார். இன்னொருவர் “காட்டுங்கக்கா” என்று என் திரையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இந்த இரண்டாவது பழக்கத்தை விட்டால் நல்லது. பழைய ரசீதின் படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

மளிகைக்கு 42 வெள்ளி 83 காசு. ரொக்கம் என்றால் 42.85 கொடுக்க வேண்டும்; ஒரு காசு நாணயத்துக்கு விடைகொடுத்து 2008 முதல் ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள். கியூஆரில் 42.83 மட்டும். இரண்டு காசு லாபம். அம்மாவிடம் சொன்னேன், பெருமைப்படவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. கேமரா உண்டு, ஆனால் அது எதையும் படிக்காது. இருந்தும் இன்று பேரங்காடியில் அவர்தான் காசு கட்டினார், மைகார்டால். பதினெட்டு வயது நிறைந்த எல்லா மலேசியருக்கும் அரசு இந்த ஆண்டு கொடுத்த நூறு வெள்ளி ‘சாரா’ உதவி அடையாள அட்டையிலேயே ஏறியிருக்கிறது. ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை அரிசி, முட்டை, எண்ணெய், சோப்பு, மருந்து எனப் பதினான்கு வகைப் பொருள்களுக்குச் செலவழிக்கலாம். முதல் நாளில் நாடெங்கும் ஒரே நேரத்தில் மக்கள் கடைக்குப் போனதில் அமைப்பு திணறி வரிசைகள் நின்றதைச் செய்தியில் பார்த்திருந்தேன். இன்று கூட்டமில்லை. அம்மா அட்டையை நீட்டினார், கருவியில் செருகினார்கள், மீதி எவ்வளவு என்று ரசீதில் வந்தது.

வெளியே வரும்போது அவர் நடையே வேறு மாதிரி இருந்தது. இத்தனை நாளாக என் பின்னால் நின்று, நான் கைப்பேசியைக் காட்டுவதை வேடிக்கை பார்த்தவர். தோட்டத்தில் கடைக்காரர் புத்தகத்தில் பற்று எழுதிக்கொண்டு சம்பள நாளன்று கணக்குத் தீர்த்த காலம் அவருக்கு நினைவிருக்கிறது. அங்கும் கையில் காசு இல்லாமல்தான் பொருள் வாங்கினார்கள், ஆனால் கணக்கு கடைக்காரர் கையில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் 2001-இல் வந்த மைகார்டுக்குள் தொடக்க காலத்திலேயே டச் அண்ட் கோவும் மெப்ஸ் கேஷ் என்ற மின்பணப்பையும் இருந்தன. அடையாள அட்டையாலேயே கடையில் காசு கட்டலாம் என்று அப்போதே கனவு கண்டார்கள். மெப்ஸ் கேஷை நான் அறிந்த யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. இருபத்து நான்கு வருடம் கழித்து அந்தக் கனவு அம்மா வழியாக நிறைவேறியது.

அக்டோபர் 18, சனி

மதுரையிலிருந்து சித்தப்பா மகன் வந்திருக்கிறான். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றானதிலிருந்து சொந்தக்காரர்கள் வரவு கூடியிருக்கிறது. லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கியவன் முதல் காரியமாக ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, கல்லாவில் இருந்த கியூஆரைப் பார்த்து, “ஜிபே பண்ணவாண்ணே?” என்றான்.

பண்ணினான். ஏற்கவில்லை.

அவனுக்கு அதிர்ச்சி. ஊரில் இளநீர் வண்டி முதல் நகைக்கடை வரை அவன் காசைத் தொடுவதே இல்லையாம். இங்கே பார்ப்பதற்கு அதே கட்டம், அதே கேமரா, ஆனால் இரண்டு தனித்தனி தண்டவாளங்கள். அவனுடையது 2016-இல் தொடங்கிய யுபிஐ; நம்முடையது டூயிட்நவ். அவன் கைப்பேசியில் உள்ள கூகுள் பே, யுபிஐ மேல் ஓடும் ஒரு வண்டி. எனக்கு இல்லாமல் போன கூகுள் வாலட் கார்டு மேல் ஓடுவது. பெயரில் உறவு, வேலையில் இல்லை. மலேசியாவில் யுபிஐ-யை ஏற்கச் செய்யப் போவதாக இந்தியாவில் அதை நடத்தும் என்பிசிஐ-யின் வெளிநாட்டுப் பிரிவும் ரேஸர்பே கர்லெக் நிறுவனமும் இந்த மாதம்தான் அறிவித்திருக்கின்றன. ஆகவே அடுத்த தீபாவளிக்கு வந்தால் அவன் தேநீர் வாங்கித் தரலாம்.

அக்கரை ஆட்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2023 மார்ச் 31 முதல் சிங்கப்பூரின் நெட்ஸும் டூயிட்நவ்வும் இணைந்துவிட்டதால், சிங்கப்பூர் வங்கிச் செயலியாலேயே நம்ம ஊர் அட்டையைப் படித்துச் சிங்கப்பூர் வெள்ளியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். தாய்லாந்து, இந்தோனேசியாவோடும் இணைப்பு உண்டு. இந்தியாவோடுதான் இன்னும் இணைப்பு வரவில்லை என்று சொல்லி மதுரைத் தம்பியைச் சமாதானப்படுத்தி, காசு மாற்றக் கூட்டிப் போனேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக்கு முதல் நாள். கடைசி நேரத்தில் வெற்றிலையும் வாழையிலையும் வாங்கப் போனேன். கூட்டத்தில் இணையம் நகரவே இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நல்ல விலையுயர்ந்த கைப்பேசிகளோடு நான்கைந்து பேர், எல்லோருடைய கையும் வானத்தை நோக்கி. இலைக்கார அக்கா பொறுமையிழந்து, “நோட்டு இருக்கிறவங்க முன்னால வாங்க!” என்று குரல் கொடுத்தார். மதுரைத் தம்பி புதிதாக மாற்றிய பத்து வெள்ளி நோட்டைப் பெருமிதத்தோடு நீட்டினான். அவனுக்கு அது வெற்றி தினம்.

டச் அண்ட் கோ பிளாஸ்டிக் கார்டு சுங்கச் சாவடியில் பட்டென்று வேலை செய்வதற்குக் காரணம், பணத்தின் இருப்பு கார்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரையும் கேட்கத் தேவையில்லை. 1997-இல் வந்த நுட்பம். கியூஆருக்கு அப்படி இல்லை. வங்கி விழித்திருக்க வேண்டும், தொலைபேசிக் கோபுரம் விழித்திருக்க வேண்டும், நடுவில் உள்ள எல்லோரும் விழித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று நாம் அதிரசம் தின்றுகொண்டிருந்த பிற்பகல் மூன்று மணி வாக்கில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் கணினி மையங்களில் முகவரி தேடும் டிஎன்எஸ் அமைப்பு கோளாறாகி, உலகெங்கும் பல செயலிகள் படுத்துவிட்டன. அமெரிக்கர்கள் பணம் அனுப்பும் வென்மோ தடுமாறியது. பிரிட்டனில் லாயிட்ஸ் வங்கி வாடிக்கையாளர்கள் சிரமப்பட்டார்கள். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தின் குளிரூட்டி பழுதானதற்கே டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் மணிக்கணக்கில் நின்றன. அன்று இங்கே கடைக்கு வந்திருந்த அக்கரைக்காரர்கள் கையைப் பிசைந்திருப்பார்கள்.

இப்போது அந்த மையங்கள் நம் வாசலுக்கே வந்துவிட்டன. செடெனாக்கில் வரிசையாக எழும்புகின்றன. செம்பனை நின்ற கூலாய் யங் தோட்டத்தில் ஒய்டிஎல் தரவு மையப் பூங்கா. அவை பக்கத்தில் இருப்பதால் இலைக்கார அக்காவின் தெருவில் இணையம் வேகமாகப் போகப் போவதில்லை. அது வேறு கணக்கு.

கூகுள் இல்லாத கைப்பேசியோடு ஒரு தீபாவளியையே நடத்தி முடித்த பிறகு என் தீர்ப்பு இதுதான். பெரிய நிறுவனத்தின் ‘பே’ இல்லாததால் நான் ஒரு கடையிலும் வெறுங்கையோடு திரும்பவில்லை, ஏனென்றால் ஜொகூரின் கடைகள் எந்தக் கைப்பேசி நிறுவனத்தின் தயவிலும் இல்லாத பொது அட்டையை மாட்டி வைத்திருக்கின்றன. தனக்கென்று சொந்த அட்டை மட்டும் வைத்து வாடிக்கையாளரைக் கட்டிப்போட நினைக்கும் எந்த நிறுவனத்துக்கும் கடைக்காரர்கள் இனி இடம் கொடுக்கக் கூடாது. ‘ரொக்கம் ஏற்பதில்லை’ என்று எழுதி ஒட்டும் புது மோஸ்தர் கடைகளிடமும் ஒரு வேண்டுகோள்: அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள், என் அம்மா போன்றவர்களும் காப்பி குடிக்க வருவார்கள்.

புதுக் கைப்பேசி வாங்கப் போகிறவர்கள், அது தட்டுமா என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் வங்கிச் செயலி அதன் அதிகாரபூர்வக் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பையில் ஐம்பது வெள்ளியை ஐந்தும் பத்துமாக மாற்றி வையுங்கள்.