போட்டதை எடுத்துத் தரும் சர்வர்: ஒன்பது நாள் குறிப்பு

திங்கள்

வாடகைக்கு எடுத்த லினக்ஸ் கணினி காலை பத்து மணிக்குக் கைக்கு வந்தது. பொறியாளர் தன் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வேலையை எழுதிக்கொண்டார்: ரோலப் சங்கிலி ஒன்றின் தரவைக் காக்கும் சர்வரை நிறுவ வேண்டும், கேட்டபோது அது தரவைத் திருப்பித் தருகிறதா என்று சோதிக்க வேண்டும்.

ரோலப் என்பது ஈத்தீரியம் என்ற பிளாக்செயினின் சுமையைக் குறைக்க வந்த ஏற்பாடு. பரிவர்த்தனைகளை வெளியே நடத்தி, கட்டுக் கட்டாகச் சுருக்கி, அந்தக் கட்டுகளை ஈத்தீரியத்தில் பதிவார்கள். முடிவை மட்டும் பதிந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். கணக்குப்பிள்ளை கூட்டுத்தொகையை மட்டும் காட்டிவிட்டு நாள்வழிக் குறிப்பைப் பூட்டி வைத்தால், தப்பு நடந்ததா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. ரோலப்பிலும் அதே நிலைதான். கட்டிலுள்ள மூலத் தரவு கிடைக்காவிட்டால், பொய்க் கணக்கை எதிர்த்து வழக்காட ஆதாரம் இல்லை. தன் பணத்தை வெளியே எடுக்க நினைப்பவருக்கும் தன் இருப்பை நிரூபிக்க வழியில்லை.

ஆனால் ஈத்தீரியத்தில் இடம் மலிவல்ல. சாதாரணப் பரிவர்த்தனையோடு அனுப்பும் தரவில், பூஜ்யமல்லாத ஒவ்வொரு பைட்டுக்கும் 16 கேஸ் (கட்டணத்தைக் கணக்கிடும் அலகு) என்று 2019 டிசம்பரிலிருந்து வசூலிக்கப்பட்டது. 100 கிலோபைட் கட்டு ஒன்றுக்குச் சுமார் 16 லட்சம் கேஸ். 2025 மே மாத பெக்ட்ரா மேம்பாட்டுக்குப் பிறகு, தரவே பெரும்பகுதியாக உள்ள பரிவர்த்தனைகளுக்கு இந்த விகிதம் 40 கேஸ் வரை போகும்.

ரோலப் உருவாக்கும் ஆர்பிட்ரம் குழுவினர் இதற்குக் கண்ட வழியின் பெயர் எனிடிரஸ்ட். கட்டை ஈத்தீரியத்தில் போடாமல், ஒரு சிறு குழுவின் சர்வர்களிடம் ஒப்படைப்பார்கள். 'தரவு என்னிடம் இருக்கிறது, இன்ன தேதி வரை தருவேன்' என்று அந்த சர்வர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும். 200 பைட்டைத் தாண்டாத அந்தச் சான்றிதழ் மட்டுமே மூலச் சங்கிலிக்குப் போகும். 2022 ஆகஸ்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஆர்பிட்ரம் நோவா இந்த முறையில்தான் ஓடுகிறது. ரெடிட், கூகுள் கிளவுட், கன்சென்சிஸ், குவிக்நோட், பி2பி, ஆஃப்செயின் லேப்ஸ் ஆகியவற்றோடு எஃப்.டி.எக்ஸ். நிறுவனமும் தொடக்கக் குழுவில் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். திவால் மனு கொடுத்தது. உறுப்பினர் ஒருவர் திடீரென இல்லாமல் போவது கற்பனை அல்ல என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் தேவையில்லை.

செவ்வாய்

சாவி உருவாக்கும் நாள். ஆர்பிட்ரமின் நைட்ரோ மென்பொருளோடு வரும் டாட்டூல் என்ற கருவிக்கு ஒரே கட்டளை கொடுத்தால் இரண்டு கோப்புகள் பிறக்கின்றன: வெளியே தரவேண்டிய பொதுச் சாவி ஒன்று, எவருக்கும் காட்டக்கூடாத ரகசியச் சாவி ஒன்று.

இவை பி.எல்.எஸ். வகைச் சாவிகள். டான் போனே, பென் லின், ஹோவாவ் ஷாச்சம் ஆகிய மூவர் 2001இல் வெளியிட்ட முறை இது. பலருடைய கையெழுத்துகளைச் சேர்த்து ஒரே கையெழுத்தாக்கலாம் என்பதுதான் இதன் அருமை. குழுவில் மூவர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் சான்றிதழின் நீளம் மாறாது. யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பதை மட்டும் 64 பிட் கொண்ட ஒரு வரிசை காட்டும்.

சோதனைச் சங்கிலிக்கு மூன்று சர்வர்கள் என்று முடிவானது. இவருடையது ஒன்று, உடன் வேலை செய்பவர்களுடையவை இரண்டு. மூவரில் இருவராவது நேர்மையாக இருப்பார்கள் என்பது அடிப்படை. அப்படியானால் எந்த இரண்டு கையெழுத்து வந்தாலும், அவற்றில் ஒன்றாவது நேர்மையானவருடையதாக இருக்கும். தரவு கிடைக்க அந்த ஒருவர் போதும்.

புதன்

சர்வர் ஓடத் தொடங்கியது. இரண்டு வாசல்கள்: 9876 என்ற போர்ட்டில் தரவு உள்ளே வரும், 9877இல் வெளியே போகும். நலமா என்று கேட்டதற்கு இரண்டுமே நலம் என்றன.

அடுத்து 'ஹலோ வேர்ல்ட்' என்று ஒரு வரியை அனுப்பிப் பார்த்தார். சர்வர் ஏற்க மறுத்தது. அரை மணி நேரம் தேடிய பிறகு காரணம் புரிந்தது. சங்கிலியின் கட்டுகளைப் பதிய உரிமை பெற்றவரின் கையெழுத்து இல்லாமல் எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது சர்வரின் விதி. அந்த விதி இல்லாவிட்டால் போகிற வருகிறவர்கள் எல்லாம் குப்பையை அனுப்பி வட்டை நிரப்பிவிடுவார்கள். சோதனைக்கென்று தனியாக ஒரு சாவியை உருவாக்கி, அதன் பொதுப் பாதியை சர்வருக்கு அறிமுகம் செய்து வைத்த பிறகு வேலை நடந்தது.

திரையில் அந்தத் தரவின் அடையாளமாக 64 எழுத்து நீள ஹேஷ் ஒன்று வந்து நின்றது. அதை 9877இல் கொடுத்துக் கேட்டார். கடைசியில் சமக்குறியோடு முடியும் 16 எழுத்துகள் பதிலாக வந்தன. பேஸ்64 வடிவத்திலிருந்து பிரித்தால் அனுப்பிய அதே பதினொரு பைட்.

வியாழன்

லாக் இன்னும் விரிவாக வரட்டும் என்று சர்வர் ஓடும் கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார். நலமா என்ற கேள்விக்கு மறுபடியும் நலம் என்றே பதில்.

"அக்கா, நேத்து வந்த ஹேஷை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்" என்றார் பக்கத்தில் இருந்த இளையவர்.

கேட்டார். இல்லை என்று பதில் வந்தது.

தரவு சேமிக்கும் பாதையை எழுதும்போது ஒரு சொல் மாறியிருந்தது. வெளி வட்டோடு இணைத்த அடைவில் விழ வேண்டிய கோப்புகள் கன்டெய்னரின் உள்ளேயே விழுந்திருக்கின்றன. அதை நீக்கியபோது கூடவே போய்விட்டன. பதினைந்து நாள் தருவதாகக் கையெழுத்திட்ட சர்வர் ஒரே நாளில் கைவிரித்துவிட்டது. நேற்றுப் போட்டது 'ஹலோ வேர்ல்ட்' என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே தவறு உண்மையான சங்கிலியில், இரண்டு உறுப்பினர்களிடம் ஒரே நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகும் என்று அவர் நோட்டில் எழுதிப் பார்த்தார். அந்தப் பக்கம் முழுக்க நிரம்பியது.

பாதையைத் திருத்திய பிறகு 'அனுமதி இல்லை' என்ற வரி. புதிய அடைவு ரூட் பயனருக்குச் சொந்தமாக இருந்தது. கன்டெய்னருக்குள் ஓடுவதோ 1000 என்ற எண்ணுள்ள சாதாரணப் பயனர். உரிமையை மாற்றியதும் சரியானது. பிறகு ஏற்றி, போட்டு, நீக்கி, மறுபடி ஏற்றிக் கேட்கும் சோதனையை ஐந்து முறை செய்தார். ஐந்து முறையும் தரவு திரும்பி வந்தது.

வட்டில் இருந்த கோப்பைத் திறந்து ஒரு எழுத்தை மாற்றியும் பார்த்தார். டாட்டூல் உடனே கண்டுகொண்டது: ஹேஷ் பொருந்தவில்லை. இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இங்கே தெளிவாகத் தெரிகின்றன. கெட்டுப்போன சர்வரால் பொய்த் தரவைத் தந்து ஏமாற்ற முடியாது, வாங்குபவரே சரிபார்த்துவிடுவார். வாய் திறக்காமல் இருக்க மட்டும் அதனால் முடியும். ஆகவே சோதிக்க வேண்டியதும் அதைத்தான்.

இரவு, மூன்று பொதுச் சாவிகளையும் கொண்ட தொகுப்பை இந்தச் சோதனைக்கு மூலச் சங்கிலியாக எடுத்துக்கொண்ட ஆர்பிட்ரம் செபோலியா சோதனை வலையில் பதிந்து, சோதனைச் சங்கிலியைத் தொடங்கினார்கள்.

வெள்ளி

நிறுத்திப் பார்க்கும் நாள். முதலில் இவருடைய சர்வரை மட்டும் 40 நிமிடம் நிறுத்தினார்கள். கட்டுகள் தடையின்றிப் போயின. சான்றிதழில் இரண்டு கையெழுத்து. அடுத்து, இரண்டு சர்வர்களை நிறுத்தினார்கள். கையெழுத்து போதவில்லை. சங்கிலி நிற்கும் என்று எதிர்பார்த்த இளையவர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. கட்டுகளைப் பதியும் மென்பொருள் முழுத் தரவையும் மூலச் சங்கிலியிலேயே போட்டது. செலவு ஏறியது, பாதுகாப்பு குறையவில்லை. குழு கைவிட்டால் சாதாரண ரோலப் போல நடந்துகொள் என்பதுதான் எனிடிரஸ்டின் வடிவமைப்பு.

சனி

வேறு வழிகள் என்னென்ன என்று ஒப்பிட்டுப் பார்த்த நாள். ஈத்தீரியம் 2024 மார்ச் 13இல் டென்குன் மேம்பாட்டின் வழியே பிளாப் என்ற தனி இடத்தைத் திறந்தது. ஒன்று 128 கிலோபைட். கட்டணத்துக்குத் தனிச் சந்தை. சுமார் 18 நாளுக்குப் பிறகு சங்கிலியை நடத்தும் கணினிகளான நோடுகள் அதை அழித்துவிடலாம்.

இன்னொரு வழி, தரவை வெளியிடுவதற்கென்றே உள்ள செலஸ்டியா என்ற சங்கிலி. அது 2023 அக்டோபர் 31இல் தொடங்கியது. அதன் வேர் 2018இல் முஸ்தஃபா அல்-பஸாம், அல்பர்ட்டோ சொன்னினோ, விட்டாலிக் புட்டெரின் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. தரவை இரு திசையிலும் விரித்து எழுதிவிட்டால், அதை மீட்க முடியாதபடி மறைக்க நினைப்பவர் குறைந்தது கால் பங்கையாவது மறைத்தாக வேண்டும். அப்போது சாதாரணக் கணினி ஒன்று ஆங்காங்கே இருபது துண்டுகளைக் கேட்டாலே போதும். திருட்டு கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பு அரை சதவீதத்துக்கும் கீழே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதற்கு இங்கே கணக்கே இருக்கிறது. எனிடிரஸ்டில் அந்தப் பதம் பார்க்கும் வசதி இல்லை. குழுவை நம்ப வேண்டும். அதனாலேயே குழுவில் இருப்பவர் தன்னைத் தானே சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

திங்கள்

ஞாயிறு ஓய்வு. இன்று வாசல்களைப் பூட்டும் வேலை. தரவு உள்ளே வரும் முகவரியில் யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக்கோவை ஒன்றைச் சேர்த்து, கட்டுகளைப் பதிபவருக்கு மட்டும் கொடுத்தார். வெளியே தரும் முகவரியோ எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். வட்டு எவ்வளவு நிரம்பியது, எத்தனை கோரிக்கை தோற்றது என்பவற்றுக்கு எச்சரிக்கை மணி கட்டினார்.

செவ்வாய்

கடைசிச் சோதனை. எதுவுமே தெரியாத புதிய நோடு ஒன்றை ஏற்றி, தன் சர்வரின் முகவரியை மட்டும் கொடுத்தார். வியாழன் இரவின் முதல் பிளாக்கிலிருந்து கட்டு கட்டாகப் படித்துக்கொண்டு ஓடிய நோடு, வெள்ளிக்கிழமைக்கு வந்ததும் நின்றுவிட்டது. தரவை மீட்க முடியவில்லை என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது.

கட்டின் நேரத்தைப் பார்த்தார். தன் சர்வர் நின்றிருந்த அந்த 40 நிமிடம். மற்ற இருவரும் அதை வாங்கிக் கையெழுத்திட்டிருந்தார்கள். இவரிடம் அது வரவே இல்லை. சான்றிதழ் சரி, சங்கிலி சரி, நலமா என்றால் நலம். ஆனாலும் இந்த வாசலில் மட்டும் வந்து நிற்பவர் வெறுங்கையோடு போவார்.

மிரர் என்ற கண்ணாடி சர்வர் ஒன்றைத் தனியே நிறுவி, மூன்று உறுப்பினர்களின் முகவரியையும் கொடுத்தார். அது மூலச் சங்கிலியை முதல் கட்டிலிருந்து படித்து, இல்லாததை இருப்பவரிடம் வாங்கித் தன் வட்டில் வைத்துக்கொண்டது. நோடை அதன் பக்கம் திருப்பியதும் நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது. மாலை 6.40க்குச் சங்கிலியின் நுனியைத் தொட்டது.

நோட்டில் அன்றைய கடைசிப் பதிவு, வெள்ளிக்கிழமைக் கட்டுகளின் காலாவதித் தேதி. அதற்கு முந்தின நாளுக்கு நேரே ஒரு குறிப்பு: மூன்று சர்வரிடமும் மீண்டும் கேட்டுப் பார்க்க.