சின்ன ரீஃப் தொட்டிக்கு எந்த ஓவர்ஃப்ளோ பாக்ஸ்? ஒரு நீண்ட த்ரெட்

1. வீட்ல சின்னதா ஒரு கடல் தொட்டி வைக்க ஆசைப்படறவங்க அடிக்கடி என்கிட்ட கேட்கிற கேள்வி: "டாக்டர், பின்னால மாட்டுற ஓவர்ஃப்ளோ பாக்ஸ் வாங்கலாமா, இல்ல கண்ணாடியில ஓட்டை போடணுமா? எது செலவு கம்மி, எது சேஃப்?" இது மருத்துவக் கேள்வி இல்லதான். ஆனா தரையில உப்புத் தண்ணியும் பக்கத்துலயே கரண்ட்டும் இருக்கற விஷயம். அதனால விரிவாவே எழுதறேன்.

2. புதுசா வர்றவங்களுக்கு: மேல காட்சித் தொட்டி. கீழ ஸ்டாண்டுக்குள்ள இன்னொரு தொட்டி, அதுக்குப் பேர் சம்ப். ஸ்கிம்மர், ஃபில்டர் எல்லாம் அதுக்குள்ள இருக்கும். சம்ப்ல இருக்கற பம்ப் தண்ணிய மேல தள்ளும். மேல நிரம்பினது தானா கீழ இறங்கும். அந்த இறங்குற வழிதான் ஓவர்ஃப்ளோ. வழி அடைச்சுக்கிட்டா பம்ப்புக்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தள்ளிட்டே இருக்கும். மிச்சத் தண்ணி ஹாலுக்கு வரும்.

3. நம்ம ஊர்ல இதை யோசிக்கும்போது முதல்ல கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வீட்ல யாரும் இல்லாத நேரத்துல கரண்ட் போய், அரை மணி நேரம் கழிச்சு வந்தா என்ன ஆகும்?
நான் 24 மணி நேர டியூட்டியில இருப்பேன். வீட்ல அம்மா மட்டும். தரையில தண்ணியப் பார்த்தா அம்மா என்ன செய்வாங்க? துணி எடுத்துட்டு வெறுங்காலோட துடைக்கப் போவாங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கிற இடத்துக்கே. நான் ஒவ்வொரு பாக்ஸையும் இந்தக் காட்சியை மனசுல வச்சுத்தான் பார்ப்பேன்.

4. முதல் வகை: பின்னால மாட்டுற பாக்ஸ். தொட்டிக்கு உள்ள ஒரு பெட்டி, வெளிய ஒரு பெட்டி, ரெண்டையும் இணைக்க கண்ணாடி விளிம்பு மேல வளைஞ்சு போற ஒரு யு டியூப். சைஃபன் தத்துவம். ஓட்டை போட வேண்டாம், ஏற்கெனவே மீன் இருக்கற தொட்டியிலயும் மாட்டலாம். இதோட கவர்ச்சியே அதுதான்.

5. நல்ல டிசைன்ல கரண்ட் போனாலும் டியூபோட ரெண்டு நுனியும் தண்ணிக்குள்ள முங்கியே இருக்கும். அதனால காத்து உள்ள போகாது, பம்ப் திரும்ப ஓடினதும் சைஃபனும் ஓடும். வார்டுல ஐசிடி போட்ட நோயாளியோட டியூப் நுனி பாட்டில் தண்ணிக்குள்ளயே இருக்கணும்னு சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்வாங்களே, அதே கதை. பெட்டிக்குள்ள தடுப்புச் சுவர் இல்லாம, நுனி வெளிய வந்துடற மாதிரி இருந்தா அந்த பாக்ஸை வாங்கவே வேணாம்.

6. நல்ல டிசைன்லயும் ஒரு ஆபத்து இருக்கு. தண்ணியில வர்ற நுண்குமிழ்கள் டியூபோட வளைவுல கொஞ்சம் கொஞ்சமா சேரும். ஓட்டம் மெதுவா இருந்தா இன்னும் சீக்கிரம் சேரும். ஒரு நாள் அந்தக் காத்து சைஃபனை உடைச்சிடும். "பெரிய டியூப் போட்டா சேஃப்" என்பது இங்க செல்லாது. சின்ன பம்ப்புக்குப் பெரிய டியூப்னா ஓட்டம் மந்தமாகி குமிழ் தங்கும். சிலர் அந்தக் காத்தை உறிஞ்ச ஒரு குட்டி பம்ப் மாட்டுவாங்க. உதவும். ஆனா பழுதாகறதுக்கு இன்னொரு பொருள் சேர்ந்துச்சு.

7. சைஃபனை வாயால உறிஞ்சி ஸ்டார்ட் பண்ணாதீங்க. சில ஜோயாந்திட் வகைகள்ல பேலிடாக்ஸின்னு கடுமையான விஷம் இருக்கு. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற 50 மில்லி சிரிஞ்ச், கூட ஒரு துண்டு ஏர் டியூப். வேலை முடிஞ்சுது.

8. ரெண்டாவது வகை: ஓட்டை போட்ட தொட்டி. பின் கண்ணாடியில மேல் பக்கம் ஓட்டை, உள்ள பல் வச்ச ஒரு சின்ன பெட்டி. தண்ணி தன் எடையால இறங்கும். மேல ஏறி வளைஞ்சு போற டியூப் இல்ல, அதனால உடையறதுக்கு சைஃபனும் இல்ல. கரண்ட் போனா பல்லோட மட்டத்துக்கு இறங்கி நின்னுடும். வந்தா திரும்ப வழியும். மனுஷன் கை தேவையில்லை.

9. செலவும் பெரும்பாலும் இதுக்குத்தான் கம்மி. உள்ளூர்ல தொட்டி ஒட்டறவங்ககிட்டச் சொன்னா, ஒட்டறதுக்கு முன்னாடியே சாதா கண்ணாடியில ஓட்டை போட்டுத் தருவாங்க. மொட்டை மாடி டேங்க்குக்குப் போடற பிளாஸ்டிக் டேங்க் நிப்பிள், ரெண்டு எல்போ, பிவிசி பைப். எல்லாம் ஹார்டுவேர் கடைச் சாமான்.
நிப்பிளை முதல்ல வாங்கி, அதோட வெளி அளவைப் பார்த்து ஓட்டை போடச் சொல்லுங்க. பித்தளைச் சாமான் மட்டும் வேணாம். அதுல இருந்து கரையற செம்பு, பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் எமன்.

10. ஏற்கெனவே இருக்கற தொட்டின்னா ஒரு எச்சரிக்கை. டஃபன்டு கண்ணாடியில ஓட்டை போட்டா அது மொத்தமா நொறுங்கிடும். லேப்டாப்ல வெள்ளைத் திரை வச்சு, நடுவுல கண்ணாடி இருக்கற மாதிரி வச்சு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியா பாருங்க. கருப்புத் திட்டு, வரி தெரிஞ்சா டஃபன்டு. கண்ணாடிக்கு மாட்டியதும் ஒரு ஓரமா தலையைச் சாய்ச்சுப் பார்த்தா இன்னும் நல்லா தெரியும். சந்தேகம் இருந்தா ட்ரில்லைத் தொடாதீங்க.

11. ஓட்டை ஒண்ணு வேணாம், ரெண்டு போடுங்க. ஒண்ணு மெயின். இன்னொண்ணு கொஞ்சம் உயரத்துல, எப்பவும் காலியா இருக்கற எமர்ஜென்சி வழி. அதுல வால்வே போடக் கூடாது. ஒரு நத்தை போய் மெயின்ல உட்கார்ந்தா கூட தண்ணி ரெண்டாவது வழியா போகும். சலசலன்னு வர்ற சத்தமே உங்களுக்கு அலாரம்.

12. இப்ப முக்கியமான கணக்கு. 60×45×45 செ.மீ தொட்டின்னா சுமார் 120 லிட்டர். அதுல 1 செ.மீ தண்ணி மட்டம் = 2.7 லிட்டர். இந்த 2.7-ஐ மனசுல வச்சுக்கங்க.

13. பம்ப் நின்னா: மேல தண்ணி விடற ரிட்டர்ன் குழாயோட வாய் 5 செ.மீ ஆழத்துல இருந்தா, அதுவே ரிவர்ஸ்ல சைஃபன் ஆகி 13.5 லிட்டரைக் கீழ இழுக்கும். பைப்ல இருக்கறது தனி. சம்ப்ல அவ்வளவு இடம் காலியா இருக்கணும். வாயை மட்டத்துக்கு ஒட்டி வைங்க, ஒரு சின்ன காத்து ஓட்டையும் போடுங்க. செக் வால்வை நம்ப வேணாம், உப்பும் பாசியும் சேர்ந்து அது மூடாம போகும்.

14. வழி அடைச்சா: பம்ப் இருக்கற அறையில எவ்வளவு தண்ணி இருக்கோ, அவ்வளவுதான் மேல ஏற முடியும். அந்த அறை 25×20 செ.மீ, தண்ணி 20 செ.மீ உயரம்னா 10 லிட்டர். மேல மட்டம் 3.7 செ.மீ ஏறும். உங்க தொட்டியில விளிம்புக்கு 2 செ.மீதான் இடம்னா மீதி தரைக்கு. அதே அறையை 20×15, உயரம் 15 ஆக்கினா 4.5 லிட்டர்தான். 1.7 செ.மீ ஏறும். தரை காய்ஞ்சே இருக்கும்.

15. குழந்தைகள் வார்டுல டிரிப்ஸ் பார்த்திருப்பீங்க. பாட்டிலுக்குக் கீழ அளவு போட்ட ஒரு உருளை இருக்கும், பியூரெட் செட். தேவையான மில்லி மட்டும் அதுல நிரப்பி மேல் கிளாம்ப்பை மூடிடுவோம். யாராவது கவனிக்காம விட்டாலும் அந்த உருளையில இருக்கறதுதான் குழந்தைக்குள்ள போகும், முழு பாட்டிலும் போகாது. சின்ன ரிட்டர்ன் அறை அதே வேலையைச் செய்யுது. அதிக விலை பாக்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி இந்த அறையை அளந்து பாருங்க.

16. இதுல ஒரு விலை இருக்கு. சின்ன அறைன்னா ஆவியாகிப் போற தண்ணியை தினமும் நிரப்பணும். அதுக்கு ஆட்டோ டாப் ஆஃப் வச்சா, அதோட வாளியையும் கணக்குல சேருங்க. வழி அடைச்சு அறை காலியாகும்போது, சென்சார் "தண்ணி குறைஞ்சிருச்சு"ன்னு நினைச்சு அந்த வாளியையும் மேல அனுப்பிடும்.

17. கரண்ட் பக்கம்: வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், எலக்ட்ரீஷியனை வச்சு டெஸ்ட் பட்டன் வேலை செய்யுதான்னு பாருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஸ்டாண்டு தரையில போடாம சுவர்ல உயரமா மாட்டுங்க. ஒயர் கீழ தொங்கி, அப்புறம் மேலேறி ப்ளக்குக்குப் போகணும். அப்பதான் ஒழுகுற சொட்டு கீழயே விழும்.
இன்வெர்ட்டர்ல ரிட்டர்ன் பம்ப்பைப் போட வேணாம், காத்து பம்ப்பைப் போடுங்க. மின்வெட்டுல மீன் சாகறது ஆக்சிஜன் இல்லாமதான்.

18. வீட்ல எல்லாருக்கும் இதைச் சொல்லி வைங்க: தரையில தண்ணி பார்த்தா துடைக்கப் போகக் கூடாது, முதல்ல மெயின் ஸ்விட்ச். யாருக்காவது ஷாக் அடிச்சா தொடாம மெயினை அணைச்சு, பேச்சு மூச்சு இல்லைன்னா 108-க்கு போன், உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க.

19. மீன் விடறதுக்கு முன்னாடி, நல்ல தண்ணியில மூணு டெஸ்ட்:
அ) பம்ப்பை அணைங்க. சம்ப் வழியுதா?
ஆ) திரும்பப் போடுங்க. இறங்குற ஓட்டம் தானா ஆரம்பிக்குதா? பத்து தடவை செய்ங்க.
இ) எல்லா வழியையும் துணியால அடைச்சுட்டு பம்ப்பை ஓட விட்டு நில்லுங்க. மேல தொட்டி வழியறதுக்கு முன்னாடி அறை காலியாகுதா? காலியானதும் பம்ப்பை அணைச்சிடுங்க, வறண்டு ஓடக் கூடாது.
மூணுலயும் பாஸ் ஆகற பாக்ஸ் எந்த விலையா இருந்தாலும் சேஃப்.

20. சுருக்கமா: புதுத் தொட்டின்னா ரெண்டு ஓட்டை. வாடகை வீடு, பழைய தொட்டி, ஓட்டை போட வழியே இல்லைன்னா நல்ல டிசைன்ல யு டியூப், கூடவே சின்ன ரிட்டர்ன் அறை. 80, 100 லிட்டருக்குள்ளன்னா சம்ப்பே வேணாம், பின்னாலயே ஃபில்டர் அறை இருக்கற தொட்டி போதும்.
கடைசியா ஒண்ணு: பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. ராமேஸ்வரம், தூத்துக்குடி கடல்ல எடுத்ததுன்னு யாராவது கொடுத்தா வாங்காதீங்க.
உங்க தொட்டியோட நீளம், அகலம், ரிட்டர்ன் அறை அளவைக் கீழ போடுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து கணக்குப் போட்டுச் சொல்றேன்.